பாய்லருக்குள் நடந்த காதுகுத்து

தம்பி,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் நீ என் எதிரில் உட்கார்ந்து மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாய். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன். பாதிச் சாப்பாட்டில் நான் கையை உதறிக்கொண்டு எழுந்து போனதற்கு மீன் குழம்பு காரணம் இல்லை. உப்புக் கூடிவிட்டதோ என்று உன் அம்மா அன்று சாயங்காலம் வரை குழம்பை எடுத்து எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், பாவம். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. எனக்குக் குமட்டியது நீ சொன்ன கதை. நேரில் பேசிப் பார்க்கலாம் என்றால் நான் கேட்பதற்கு நீ சொல்லும் பதில் என் காதில் விழாது. அதனால்தான் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படித்துவிடு. நடுவில் மடித்து வைத்தால் மறுபடி எடுக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும்.

நீ அன்று சொன்னதில் பாதிகூட எனக்குக் கேட்கவில்லை. ஆனால் நீ கையால் நடித்துக் காட்டினாயே, ஒருவனுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துத் தொடையோடு அழுத்துவதுபோல, அது போதுமாக இருந்தது. அந்தப் பிடியைத் தஞ்சோங் ரூ கப்பல் பட்டறையில் நான் பிடித்த அளவுக்கு வேறு யாரும் பிடித்ததில்லை. பிறகு உன் அம்மா என் இடது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து மிச்சத்தைச் சொன்னாள். "புதுசா ஒரு ஆள் வந்திருக்கானாம். ரெண்டு புள்ளைக்குத் தகப்பனாம். அவனுக்குக் காதுகுத்து நடத்தினாங்களாம். இவன்தான் மாமனா உக்காந்தானாம்." அவள் பின்னாலேயே நீ எழுந்து வந்து, நெஞ்சைத் தட்டிக்கொண்டு, எனக்கும் கேட்கும்படி கத்தினாய்: "அப்பா இடத்துல இப்ப நான்தான் லா!" சோற்றில் வைத்த கையோடு உன் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்த சிரிப்பு என்னுடைய பழைய சிரிப்பு. சீ என்று ஆகிவிட்டது எனக்கு. உன்னைப் பார்த்து இல்லை, முதலில் என்னைப் பார்த்து.

உனக்கு வரப்போகிற பெண் ஒருநாள் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால் உனக்குத் தெரிந்ததையும் அவளுக்காகச் சொல்லிவிடுகிறேன். கப்பலின் பாய்லர் ஆறிப்போன பிறகு ஆட்கள் அதற்குள் இறங்கி, உள்ளே படிந்திருக்கும் துருவையும் உப்புப் பொருக்கையும் சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை. இரும்புப் பானைக்குள் உட்கார்ந்துகொண்டு அந்தப் பானையையே அடிக்கிற வேலை. புதிதாக ஒருவன் வேலைக்கு வந்தால் முதல் வாரத்திலேயே அவனுக்குக் ‘காதுகுத்து’ நடக்கும். கோயிலில் தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் காது குத்துவார்கள் அல்லவா, அதைக் கேலி செய்து கண்டுபிடித்த சடங்கு. புது ஆளை வெறும் பாய்லருக்குள் இறக்குவோம். ‘மாமன்’ அவனோடு கூட இறங்கி, முட்டி முட்ட எதிரே உட்கார்ந்து, அவன் காதைப் பொத்திக்கொள்ளாதபடி இரண்டு கையையும் பிடித்துக்கொள்வான். வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்று, நூறு எண்ணும்வரை சுத்தியலால் அடிப்பார்கள். முடிந்ததும் அவன் தள்ளாடிக்கொண்டு வெளியே வருவான். எல்லாரும் கைதட்டுவோம். பிறகு கோப்பியும் பரோட்டாவும். அதற்குப் பிறகு அவன் எங்கள் ஆள்.

யுத்தம் முடிந்து ஜப்பான்காரன் போன மறு வருடம் எனக்கு அப்படி நடந்தது. மூன்று நாள் தலைக்குள் வண்டு ரீங்கரித்தது. நாலாம் நாள் வண்டு நின்றதும் நான் ஆண்பிள்ளையாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நின்ற வண்டு ஒவ்வொரு நாள் சாயங்காலமும் திரும்பி வந்தது, சில வருடங்களில் வந்தது போகவே இல்லை. இதை எழுதும்போதும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் எங்கள் பட்டறையில் காது கேட்காமல் போவது ஒரு பதவி மாதிரி. கையை மடக்கிக் காதுக்குப் பின்னால் வைத்து "ஆங்?" என்று கேட்கிறவன் அனுபவசாலி. ஒரு மலையாளத்து ஆள் பஞ்சை எண்ணெயில் நனைத்துக் காதில் வைத்துக்கொண்டு வந்தான். நான் அப்போது மண்டோர் ஆகிவிட்டேன், கூட்டத்துக்கே மேஸ்திரி. அவன் காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கி, "பிரசவமான பொம்பளையா நீ? காத்து நுழைஞ்சுடுமோ?" என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. அவன் மறுநாள் பஞ்சு இல்லாமல் வந்தான். ஒருவன் தன் காதைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்த சின்ன முயற்சியைப் பத்துப் பேர் முன்னால் பிடுங்கிக் கீழே போட்டுச் செருப்பால் தேய்த்தவன் உன் அப்பன்.

இப்போது உன் செல்வராசு மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு அவர் பஃபலோ ரோடு மளிகைக்கடையில் வெங்காய மூட்டை தூக்குகிற, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பேசுகிற மாமா. அவ்வளவுதான் தெரியும். உன் அம்மாவுக்கு ஒரே தம்பி. சிராங்கூன் சாலைக் கோயிலில் உனக்கு நிஜமாகவே காது குத்தியபோது உன்னை மடியில் வைத்திருந்தவர் அவர்தான். நீ அலறிய அலறலில் அவர் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. "போதும் ஆசாரி, ஒரு காது போதும்" என்று கெஞ்சினார். ஆசாரி உட்பட எல்லாரும் சிரித்தோம். அப்போது அவர் கேம்பல் லேனில் ரேடியோ பழுது பார்க்கிற கடையில் வேலை செய்தார். பெட்டியைத் திறப்பதற்கு முன்னாலேயே பக்கத்தில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "இந்த வால்வு போச்சு", "இங்க கம்பி விட்டிருக்கு" என்பார். திறந்து பார்த்தால் அங்கேதான் கோளாறு இருக்கும். அந்தக் காதுக்காகவே கடலோரத்துப் பங்களாக்களிலிருந்து கார் அனுப்பி அவரைக் கூட்டிப்போவார்கள்.

கடைக்காரர் கடையை மூடிவிட்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினார். வேறு ரேடியோக்கடை கிடைக்கும்வரை இரண்டு மாதம் எங்களோடு வரட்டும் என்று நான்தான் அவரைப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். உனக்கு அப்போது எட்டு வயது. "அத்தான், இந்தக் காதுகுத்து எல்லாம் எனக்கு வேணாம் அத்தான். எனக்குக் காதுதான் பொழப்பு" என்று முதல் நாளே சொன்னார். மண்டோருடைய மச்சினனுக்கு மட்டும் சலுகையா என்று ஆட்கள் கேட்பார்களே என்று எனக்குப் பயம். பயம் என்றா சொன்னேன்? இல்லை, வீம்பு. "ஒரு நூறு எண்றதுக்குள்ள முடிஞ்சிரும், வாயா மாப்ள" என்று தோளில் கைபோட்டு இறக்கினேன். உன்னைத் தாய்மாமனாக மடியில் வைத்திருந்தவரை நான் பொய் மாமனாக உட்கார்ந்து பிடித்தேன். அவருடைய விரல்கள் மெல்லியவை, கம்பி சுற்றிப் பழகிய விரல்கள். என் கைக்குள் அவை கோழிக்குஞ்சு மாதிரி துடித்தன. நான் விடவில்லை. நூறு முடிந்த பிறகும் வெளியே இருந்தவர்கள் உற்சாகத்தில் இன்னும் கொஞ்சம் அடித்தார்கள்.

இரண்டு காதும் அடைத்துக்கொண்டு வண்டு கத்துகிறது என்றார் மறுநாள். சும்மா விட்டிருந்தால், இரும்புச் சத்தம் பக்கமே போகாமல் நாலு நாள் வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தால், கொஞ்சமாவது தேறியிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. "அழுக்கு சேர்ந்திருக்கும் மாப்ள" என்று சொல்லி, தேக்கா சந்தைக்கு எதிர்ப்பக்கம் ஐந்தடி நடைபாதையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த காது குடைகிற கிழவனிடம் அழைத்துப்போனேன். நான் மாதம் ஒருமுறை போகிற இடம். எனக்குக் காது மந்தமானது அழுக்கால்தான் என்று நான் நம்பிய காலம் அது.

அந்தக் கிழவன் தகர டப்பாவில் ஏழெட்டு இரும்புக் குச்சி வைத்திருப்பான். ஒன்றின் நுனி சின்னக் கரண்டி மாதிரி, ஒன்றில் கோழி இறகு. ஒருவன் காதில் தோண்டியதைத் தன் கால்சட்டைத் தொடையில் துடைத்துவிட்டு அடுத்தவன் காதில் விடுவான். அந்தத் தொடைப் பக்கம் துணி பழுப்பாகி, மெழுகு பூசினதுபோல் மினுமினுத்துக்கொண்டிருக்கும். தோண்டி எடுத்ததை எல்லாம் புறங்கையில் வரிசையாக அப்பி வைத்து, முடிவில் ஏதோ வைரம் காட்டுகிற மாதிரி நம் மூக்குக்கு நேரே நீட்டுவான். நாமும் குனிந்து பார்த்து, ஆகா இவ்வளவா என்று பெருமைப்படுவோம். இத்தனை வருடத்தில் எத்தனை பேருடைய அசிங்கம் அந்தக் கரண்டி வழியாக என் காதுக்குள் போயிருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. செல்வராசு யோசித்தார். "இது வேணாம் அத்தான், இவன் கையைப் பாருங்க" என்றார். "அட, குழந்தைப்புள்ள மாதிரி பண்ணாதே லா" என்று முக்காலியில் உட்காரவைத்து, தலை ஆடாமல் இருக்க நானே பிடித்துக்கொண்டேன். அதிலும் என் கைதான், பார்த்துக்கொள். தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. கிழவன் திடுக்கிட்டான். கரண்டி உள்ளே இறங்கியது. செல்வராசு கத்திய கத்தல் எனக்கே கேட்டது.

ரத்தம் வந்தது. அப்போதாவது ஆஸ்பத்திரிக்கு ஓடினேனா? இல்லை. தேங்காய் எண்ணெயில் பூண்டைப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஊற்றினேன். பக்கத்து அறைக்காரர் பீடிப் புகையைக் காதுக்குள் ஊதினால் வலி போகும் என்றார். அதையும் ஊதவிட்டேன். ஆறாம் நாள் தலையணையில் மஞ்சளாக வடிந்திருந்தது. அந்த நாற்றம் உனக்கு நினைவிருக்கும். மாமா பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று நீ அழுதாய், நான் உன்னை அதட்டினேன். உன் அம்மா மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் அந்தத் தலையணை உறையைத் தினமும் துவைத்தாள். செத்த எலி நாற்றத்தைத் தாங்கிவிடலாம் தம்பி. ஒரு ஆளின் திறமை அழுகி வடிகிற நாற்றத்தைத் தாங்க முடியாது. மூன்றாவது வாரம், காய்ச்சலில் அவர் உளறத் தொடங்கிய பிறகுதான், உன் அம்மா என்னைக் கேட்காமல் டிரைஷா வண்டி பிடித்து அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நான் பின்னால் சைக்கிளில் போனேன்.

டாக்டர் சீனர். எங்கள் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை எங்களுக்கும் சொல்ல ஒரு தமிழ் நர்ஸம்மா இருந்தார். காதைச் சுத்தம் செய்து பார்த்த டாக்டர் முகத்தைச் சுளித்தார். உள்ளே ஊற்றியது என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் நர்ஸம்மாவிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏன் கத்துறீங்கன்னு டாக்டர் கேக்குறாரு" என்றார். நான் எங்கே கத்தினேன்? சாதாரணமாகத்தான் பேசினேன். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். உடனே டாக்டர் மாமாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். இரண்டு கவடு உள்ள ஓர் இரும்புக் கருவியை முழங்கையில் தட்டி என் காதுக்கு முன்னால் நீட்டி, எப்போது சத்தம் நிற்கிறது என்று சொல்லச் சொன்னார். நிற்பது எப்படி, தொடங்கியதே தெரியவில்லை. நான் அவர் புருவத்தைப் பார்த்து, அது இறங்கியபோது "நின்னுடுச்சு" என்றேன். ஏமாற்றினேன். அவர் கருவியைத் தட்டாமலே நீட்டினார். அதற்கும் "கேக்குது" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. நர்ஸம்மா மூலமாகப் பொறுமையாகச் சொன்னதை இப்போது உனக்குச் சொல்கிறேன். காதில் வருகிற குறும்பி அழுக்கு இல்லையாம், அது உள்ளே தோலுக்குக் காவலாம், தானாக வெளியே வந்துவிடுமாம், அதைத் தோண்டக் கூடாதாம். செவிப்பறை கிழிந்த காதில் ஒரு சொட்டு எண்ணெய் போகக் கூடாது, தண்ணீர் போகக் கூடாது, வலித்தால் ஆஸ்பத்திரிதான். அதைவிட உள்ளே, சத்தத்தைப் பிடிக்கிற நரம்பு இரைச்சலில் செத்துவிட்டால் அதற்கு மருந்தே இல்லை, அது நகம் மாதிரி திரும்ப முளைக்காது. வேலை முடிந்து வந்த பிறகு வண்டு கத்தினால் அன்றைக்குக் காது அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்பவனிடம் கத்திப் பேசவேண்டியிருந்தால், அந்த இடத்தில் காதை மூடாமல் நிற்கக் கூடாது. சொல்லிவிட்டு மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு சின்ன ரப்பர் அடைப்பான்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் அதை ஒரு தைலச் சிமிழில் போட்டு மூடிவைத்தேன். ஒருநாள்கூடப் போடவில்லை. பஞ்சு வைத்தவனைப் பொம்பளை என்று சொன்ன வாயோடு எப்படி ரப்பரை வைத்துக்கொண்டு போவது?

மாமாவுக்கு ஒரு காது முழுக்கப் போனது, இன்னொன்றில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரேடியோக்கடை வேலை கிடைத்தது, ஒரு வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். இப்போது அவர் வேலை செய்கிற மளிகைக்கடையில் ஒரு ரேடியோ இருக்கிறது. அது பழுதானால் வெளியே ஆள் கூப்பிடுவார்கள். வந்தவன் பெட்டியைத் திறந்து நோண்டும்போது மாமா வெங்காய மூட்டை மேல் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நான் ஒருமுறை பார்த்தேன். பிறகு அந்தக் கடைப்பக்கம் போவதை விட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கேட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

இத்தனைக்குப் பிறகும் காதுகுத்து நின்றதா என்று நீ கேட்பாய். நிற்கவில்லை. நான்தான் தொடர்ந்து மாமன். நிறுத்தினால் நான் செய்தது தப்பு என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் அல்லவா?

என் காது மோசமாக மோசமாக நான் ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். பேசுகிறவன் முகத்தைப் பார்ப்பேன். சிரித்தால் சிரிப்பேன். ஏதாவது கேட்கிற முகமாக இருந்தால் "ம், சரி, சரி" என்று தலையை ஆட்டுவேன். பத்துக்கு ஒன்பது முறை அது போதும். இவ்வளவு மோசம் என்று பட்டறையில் யாருக்கும் தெரியாது, கங்காணி மாதிரி அதிகம் பேசாத ஆள் என்று மரியாதைகூடக் கிடைத்தது. வீட்டிலும் அப்படியே ஓட்டினேன். உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும், எவ்வளவு தூரம் என்று அவளுக்கும் தெரியாது.

உனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். உன் கணக்கு வாத்தியார் உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்ன வருடம். ஒரு சனிக்கிழமை நான் வேலை விட்டு வந்து, கீழே குழாயடியில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணை இறுக மூடியிருந்தேன். யாரோ தோளைத் தொட்டார்கள். நீதான் என்று கை சின்னதாக இருந்ததை வைத்துத் தெரிந்துகொண்டேன். நீ ஏதோ கேட்டாய். நீளமாகக் கேட்டாய், ஏனென்றால் கை வெகுநேரம் தோளில் இருந்தது. முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. தண்ணீரை அடித்துக் கழுவிவிட்டு "என்னப்பா கேட்டே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்திருந்தது, கேட்கிறபோது எதிரில் இருப்பவன் முகத்தில் வருகிற சலிப்பைப் பார்க்க வெட்கமாக இருந்தது. "ம், சரி, சரி" என்றேன். என்னமோ சினிமாவுக்குப் போக அனுமதி கேட்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை நீ என் பழைய காக்கிக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டறை வாசலில் நின்றாய்.

நீ என்னைக் கேட்டது எது என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. கண்டிராக்டர் உன் முதுகைத் தட்டி, என் பக்கம் திரும்பி, "மகனையும் கூட்டியாந்துட்டீங்களா மண்டோர்? நல்லது லா!" என்று கத்தினார். பத்துப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்குக் காது கேட்கவில்லை, நான் சரி என்று சொன்னது தெரியாமல் சொன்னது, நீ பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போ" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் எனக்கு வரவில்லை. உன் வாத்தியார் வீடு தேடி வந்தபோதும், "அவனே ஆசைப்பட்டுட்டான் சார்" என்று உன் தலையில் போட்டேன். நான் சம்மதித்துவிட்டதாக நினைத்து உன் அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அது எனக்கு வசதியாகவே இருந்தது.

அந்த வாரமே உனக்குக் காதுகுத்து. வேறு யாரையும் உன்னைத் தொடவிடக் கூடாது என்று நானே மாமனாக உள்ளே இறங்கினேன். என் மகன், மெதுவாக அடிங்கள் என்று ஆட்களிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு கைவிளக்கு. உன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தேன். அடித்தார்கள். மெதுவாகத்தான் அடித்தார்கள் என்று இத்தனை வருடம் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். எனக்கு மெதுவாகத்தான் கேட்டது, தம்பி. எனக்கு மெதுவாகத்தானே கேட்கும்! விளக்கு வெளிச்சத்தில் உன் முகம் கோணியது. என்னைப் பார்த்து வாயைத் திறந்து எதையோ திரும்பத் திரும்பக் கத்தினாய். இவ்வளவு மெதுவான சத்தத்துக்கு இவன் இப்படித் துடிக்கிறானே, உறுதி இல்லாத பயல் என்று நினைத்தேன். உன்னைப் பார்த்துச் சிரித்து, தலையை ஆட்டினேன். நூறு முடியும்வரை கையை விடவில்லை.

இவ்வளவையும் நேற்று உன் அம்மாவிடம் முதன்முறையாகச் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து என் முகத்துக்கு நேரே வந்து, உதடு நன்றாகத் தெரியும்படி, "இதை அவன்கிட்ட சொல்லுங்க. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றாள். சொல்லிவிட்டேன்.

இனி உன்னைப் பற்றி. நீ ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் பக்கத்து அறைக்காரர்கள் கதவைச் சாத்துகிறார்கள், உனக்குத் தெரியுமா? நீ கத்திப் பேசுகிறாய். ரேடியோவை நீ திருப்புகிற அளவுக்கு உன் அம்மா திருப்புவதில்லை. உட்கார்ந்த இடத்தில் சைக்கிள் சாவியைக் காதுக்குள் விட்டுக் குடைந்து, நுனியைப் பார்த்துவிட்டுச் சட்டையில் துடைக்கிறாய். எனக்கு அந்தக் கிழவனின் தொடைதான் கண்முன் வருகிறது. போன மாதம் உன் அம்மா பின்னாலிருந்து உன்னைக் கூப்பிட்டாள். நீ திரும்பாமலே "ம், சரி, சரி" என்றாய். அவள் அப்போது கேட்டது, உன் கல்யாணச் சேலைக்கு எந்த நிறம் எடுக்கலாம் என்று. நான் எதிரில் உட்கார்ந்து உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு இருபத்து மூன்று வயதுதான் ஆகிறது.

உனக்கு வரப்போகிற பெண்ணோடு பேசிவிட்டு வந்து உன் அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "ரொம்ப மெதுவாப் பேசுற புள்ள." நீங்கள் குடிபோகப்போகிற தோ பாயோ அடுக்குமாடி வீட்டில், கீழே அத்தனை வண்டி இரைச்சலுக்கு மேலே, அவள் மெதுவாகத்தான் பேசுவாள். அவளிடம் முகத்தைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டுகிற என் வித்தையை நீ செய்யப்போகிறாயா? உனக்கொரு பிள்ளை பிறந்து அது பின்னாலிருந்து தோளைத் தொட்டு ஏதாவது கேட்டால் என்ன சொல்லப்போகிறாய்?

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வருகிறது. டாக்டர் கொடுத்த பழைய ரப்பர் அடைப்பான் சிமிழிலேயே விறைத்து உடைந்துவிட்டது. இது புதியது, தேடி வாங்கினேன், இருபது ஜோடி. வெறும் பஞ்சு போதாது, அதைக் காதில் வைத்துக்கொண்டு காப்பாற்றிவிட்டோம் என்று நினைக்காதே. முதலில் நீ போடு, எல்லாரும் பார்க்கும்படி போடு. சிரிப்பவர்களைச் சிரிக்க விடு. பிறகு அந்தப் புது ஆளைக் கூப்பிட்டு ஒரு ஜோடி கொடுத்து, மன்னிப்புக் கேள். அவன் கையை நீ பிடித்தாயே, அதே கையில் கொடு. அவனுக்கு வண்டு கத்தினால் கிழவனிடமும் எண்ணெய்க் கிண்ணத்திடமும் விடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. நீ படிக்க, சாயங்கால வகுப்பு நடக்கிற பள்ளிக்கூடம் இங்கே பக்கத்திலேயே இருக்கிறது, நான் போய் விசாரித்துவிட்டேன். அவர்கள் சொன்னதை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி வந்திருக்கிறேன்.

ஏழு வருடம் பிந்திவிட்டது, இருந்தாலும் என் பதில்களைக் கேள். குழாயடியில் என் தோளைத் தொட்டு, பட்டறைக்கு வரட்டுமா என்று கேட்டாய் அல்லவா? வேண்டாம் தம்பி. நீ படி.

பாய்லருக்குள் நீ கத்தியது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் விளக்கு வெளிச்சத்தில் உன் உதடு தெரிந்தது. "போதும்ப்பா, போதும்ப்பா" என்றாய். அன்றைக்கே எனக்குப் புரிந்தது. புரியாதவன் மாதிரி தலையாட்டினேன்.

போதும். இதோ, உன் கைகளை விட்டுவிட்டேன். காதைப் பொத்திக்கொள்.

உன் கையைப் பிடித்திருந்த
அப்பா